கல்லறைத் தோட்டத்து நித்திய கல்யாணி

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் மாலை, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் அந்நாளில், எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறையை நாடிச் செல்லும். முந்தின நாளே சுண்ணாம்பு அடித்து வைத்த மேடைகளின்மேல் செவ்வந்திப் பூவைத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வரையில் அங்கேயே நின்றிருப்பார்கள். அவ்வேளையில் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இரண்டு முதியவர்கள், கையில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, அதை எங்கே ஏற்றுவது என்று அறியாமல் நிற்போம். எங்கள் தங்கை அத்தோட்டத்தில்தான் துயில்கிறாள். எந்த இடத்தில் என்பதை நாங்களே தொலைத்துவிட்டோம். தொலைத்த அந்தக் கதையை ஒரு செடியின் கதையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

அச்செடியை அறியாத வாசகர் இரார். முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பளவு. நடுவே வெண்ணரம்பு ஓடும் பளபளப்பான பச்சை இலைகள். ஐந்து இதழ்கள் கொண்ட பூ. இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. நடுவில் ஒரு சிறு கண். ஒரு முறை வேரூன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நின்று, கோடையென்றும் மாரியென்றும் பாராமல் பூத்துக்கொண்டே இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் வைத்தாலும் வளரும். சாலையோரத்து உடைகல்லில் விழுந்தாலும் வளரும். நீர் ஊற்றுவார் வேண்டியதில்லை. இலையைக் கிள்ளினால் பால் வரும். நாவில் வைத்தால் கசக்கும். அக்கசப்பினால் ஆடு மாடுகள் அதைத் தீண்டுவதில்லை.

நித்திய கல்யாணி என்று அதற்கு மங்கலமான பெயர் ஒன்றுண்டு. எந்நாளும் பூத்திருப்பதால் எந்நாளும் மணக்கோலம் பூண்டவள் என்று யாரோ அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் அதே செடியைச் சுடுகாட்டு மல்லி என்றும் நம்மவர் அழைப்பர். மலையாளத்தில் சவக்கோட்டைப் பச்சை என்ற பெயர் வழங்குகிறது. இந்தியில் சதாபஹார், அதாவது நீங்கா வசந்தம். உயிருள்ளவர் கைவிட்ட நிலத்தில் யாரும் நடாமலே வளர்வதால் பிணக்காட்டின் பெயரையும், வாடாமையால் மங்கலப் பெயரையும் ஒருங்கே பெற்றுவிட்டது போலும். இறந்தோருக்காக நாம் வேண்டும்போது நித்திய இளைப்பாற்றி என்று சொல்கிறோம் அல்லவா? அந்த ‘நித்திய’ என்னும் சொல்லைச் சிறு வயதில் நாங்கள் முதன்முதலாகக் கேட்டது கோவிலிலா, இந்தச் செடியின் பெயரிலா என்று இன்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

எங்கள் ஊர் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியுள்ள ஒரு சிற்றூர். திருப்பெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் இராமாநுசர் அவதரித்த தலம் என்பதே அடையாளம். 1991 மே 21ஆம் நாளுக்குப் பிறகு இராஜீவ் காந்தி உயிர்நீத்த இடம் என்று உலகம் அறிந்தது. அதற்குப் பின் வந்த அடையாளம் தொழிற்சாலைகளுடையது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேர்க்கடலையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலங்கள் மதில்களுக்குள் சென்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கழனிகள் பலவும் அவ்வாறே. இதனால் எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது என்பதை மறைப்பது நன்றியாகாது. மேய்ச்சல் நிலம் போயிற்று, பனைகள் போயின என்பதை மறைப்பதும் உண்மையாகாது. இத்தனை மாற்றத்திலும் மதில்களின் அடியிலும், கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வெளிகளிலும், கைவிடப்பட்ட மனைகளிலும் நின்று பூப்பவற்றுள் ஒன்று நித்திய கல்யாணி.

எங்கள் தங்கை 1964ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் இறந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. எங்களுள் மூத்தவருக்கு ஒன்பது, இளையவருக்கு எட்டு. முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு கால் வலி. பிறகு ஈறுகளில் இரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. வேர்க்கடலை அறுவடைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு தந்தையார் அவளைத் தோளில் சுமந்து சென்னைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் இரத்தத்தில் புற்று என்று சொல்லி, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரத்தத்தில் எப்படிப் புற்று வரும் என்று எங்கள் தாயார் ஊரில் பார்ப்பவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பாம்பு குடியிருக்கும் புற்று ஒன்றையே அவர் அறிவார். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கல் வைக்க எங்களுக்கு வசதியில்லை. வேலமரக் கிளையில் சிலுவை ஒன்று செய்து நட்டார் தந்தையார். ஈமச்சடங்கு முடிந்த எட்டாம் நாள், ஏரிக்கரையிலிருந்து நித்திய கல்யாணிச் செடி ஒன்றை வேரோடு பெயர்த்து வந்து, சிலுவையின் அடியில் தாயார் நட்டார். ரோசாச் செடி வைக்கலாமே, சாமியார் பங்களாவில் இருக்கிறதே என்று நாங்கள் கேட்டோம். “ரோசாவுக்கு யாருடா தெனமும் தண்ணி ஊத்துறது? இதை ஆடு திங்காது. தண்ணியும் கேக்காது. நாம இல்லாட்டியும் இது இருக்கும்” என்றார் அவர்.

அச்சொற்களை ஒரு தாயின் துயரப் பேச்சாக மட்டுமே நாங்கள் அன்று கொண்டோம். சிலுவை நான்கைந்து மழைக்காலங்களில் கரையான் தின்று மறைந்தது. மேடு மெல்ல மெல்ல மட்டமாயிற்று. செடி மட்டும் நின்றது. தாய்ச்செடி முதிர்ந்து போனாலும் அதன் காலடியில் விழுந்த விதைகள் முளைத்து அதே இடத்தில் புதராய்த் தழைத்தன. தென்மேற்கு மூலையில், பனைமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே வெள்ளைப் பூப் புதர் எங்கே இருக்கிறதோ அங்கே தங்கை இருக்கிறாள். இதுவே எங்களுக்கு அடையாளம். தாயார் 1998இல் இறந்தபோது அப்பகுதியில் இடமில்லாமல் தோட்டத்தின் புதிய பாகத்தில் அடக்கம் செய்தோம். அவருக்குச் சிமெண்டு மேடையும் பெயர் பொறித்த கல்லும் உண்டு. அதற்குள் எங்களுக்கு ஓரளவு வசதி வந்திருந்தது. தங்கைக்கும் ஒரு கல் வைத்துவிடலாம் என்று அப்போது பேசினோம். பேச்சோடு நின்றுவிட்டது.

இனி அச்செடி உலகைச் சுற்றி வந்த கதையைச் சிறிது கூறவேண்டும். அதன் தாயகம் நம் நாடன்று, மடகாஸ்கர் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து விதைகள் பாரிசிலுள்ள அரசத் தோட்டத்தை அடைந்தன. அங்கிருந்து இலண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்துப் பிலிப் மில்லருக்குச் சென்றன. தாவரங்களுக்கெல்லாம் பெயரிட்ட லின்னேயசு 1759இல் அதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் தாவரவியலார் அதன் பெயரைக் கத்தராந்தஸ் ரோசியஸ் என்று மாற்றினர். கத்தராந்தஸ் என்பது கிரேக்கச் சொல். தூய மலர் என்று பொருள். சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்கியதைத் தூய மலர் என்று ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சூடான நாடுகளிலெல்லாம் அது பரவி, பல இடங்களில் நாட்டு மருந்தாயிற்று. நீரிழிவுக்கு அதன் இலைக் கசாயம் நல்லதென்று ஜமைக்காவில் நம்பினர். 1952இல் அங்கிருந்து ஒரு மருத்துவர் சில இலைகளை உறையிலிட்டுக் கனடாவிலிருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். அவர் அவற்றைத் தம் சகோதரர் இராபர்ட் நோபிளிடம் ஆய்வுக்கெனக் கொடுத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரையின் அளவு குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகச் செலுத்திய எலிகள் கிருமித் தொற்றினால் மாண்டன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. தோல்வியென்று தூக்கி எறிந்திருக்கலாம். அவர்கள் எறியவில்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு ஏன் பயன்படக் கூடாது என்று எண்ணினர். சார்ல்ஸ் பீர் என்னும் வேதியியலார் துணையோடு வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடா தனியே நடத்திய ஆய்வு வின்கிறிஸ்டினைத் தந்தது. அது 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. எங்கள் தங்கை இறப்பதற்கு முந்தைய ஆண்டு அது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே நுண்ணிய இழைகளால் ஒரு சாரம் கட்டப்படுகிறது. வீடு கட்டுவோர் மூங்கிலால் கட்டுவது போன்றதே அதுவும். வின்கிறிஸ்டின் அந்தச் சாரத்தைக் கட்டவிடாமல் தடுத்துவிடும். அதனால் விரைந்து பெருகும் புற்றணு பாதி வழியில் நின்று மாளும். செடி தன்னை மேய வருவனவற்றிடமிருந்து காத்துக்கொள்ள வைத்திருக்கும் கசப்புச் சரக்கில் சேர்ந்ததே இது. ஆட்டை விரட்டும் அதே நஞ்சு, அளவோடும் அறிவோடும் கையாளப்பட்டபோது மருந்தாயிற்று. வாசகர்கள் இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம். இலையைக் கசக்கிக் குடித்தால் நோய் தீரும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அது உயிருக்குத் தீங்கு. செடியை நேராகக் காய்ச்சிப் பிரித்தால் ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறத்தாழ 2000 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு தவணையில் செலுத்தும் மருந்து ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். அப்படியானால் ஓர் ஊசிக்கு இரண்டு கிலோ உலர்ந்த இலை. எங்கள் கல்லறைத் தோட்டத்துச் செடிகள் அனைத்தையும் அறுத்து உலர்த்தினாலும் சில ஊசிகளுக்கு மேல் தேறாது. நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் உழவர்கள் அதைப் பயிராகவே செய்கிறார்கள். 2022இல் ஈஸ்டு என்னும் நொதியணுவில் மாற்றம் செய்து, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய மூலப்பொருள்களை அதனிடமிருந்தே பெற்றுக் காட்டினர் அறிவியலார். ஆயினும் முதல் மருந்து பிறந்தது இலையிலிருந்துதான்.

இவற்றையெல்லாம் நாங்கள் ஏடு பார்த்து அறியவில்லை. எங்கள் பேத்தியின் கட்டிலருகே நின்று அறிந்தோம். 2011ஆம் ஆண்டு, அவளுக்கு ஏழு வயது. முதலில் காய்ச்சல், பிறகு கால் வலி. ஒருநாள் காலை பல் துலக்கியவள் துப்பியதில் சிவப்பைக் கண்டபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மற்றவர்க்கு அது ஒன்றுமில்லை. எங்களுக்கு நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரு நொடியில் கழன்று விழுந்தன.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் அதே பெயரைச் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டரை ஆண்டு சிகிச்சை வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்றார்கள். 1960களின் தொடக்கத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஐந்தாண்டு கடந்தவர் பத்தில் ஒருவர் இருந்தாலே அரிது. இன்று செல்வ நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். நம் நாட்டில் இம்மாற்றம் தானாக வந்துவிடவில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. 1984 முதல் அந்நிலையமும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் கலந்து, நம் நாட்டு வசதிக்கேற்ற ஒரே சிகிச்சை முறையை வகுத்து இந்நோய்க் குழந்தைகளுக்கு அளித்தன. அதற்கு முன் காணாத அளவில் குழந்தைகள் பிழைத்தனர். ஒரு தமக்கை தன் தங்கைக்காக அழுத கண்ணீர் முப்பது ஆண்டு கழித்தும் எங்கெங்கோ பாய்ந்துகொண்டிருந்தது என்று எண்ணிக்கொள்கிறோம்.

வாரம் ஒருமுறை ஓர் ஊசி போடுவார்கள். நீரைப்போல் நிறமற்றது. அதை நரம்பு வழியே மட்டுமே செலுத்தவேண்டும். தவறி முதுகுத்தண்டில் செலுத்திவிட்டால் உயிரே போகும். ஆதலால் ஒவ்வொரு முறையும் செவிலியர் இருவர் சேர்ந்து பெயரை வாய்விட்டுப் படித்து ஒப்பிடுவர். அப்படித்தான் அப்பெயர் எங்கள் காதில் விழுந்தது. என்ன மருந்தம்மா இது என்று கேட்டோம். “உங்க ஊர்ப் பக்கம் ரோட்டோரமெல்லாம் இருக்குமே தாத்தா, நித்திய கல்யாணி, அதிலிருந்துதான்” என்றார் அந்தச் செவிலிப் பெண். மேற்கொண்டு நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை ஊர் திரும்பும் பேருந்தில் இருக்கைகள் பல காலியாயிருந்தும், என்ன காரணத்தினாலோ இருவரும் நின்றுகொண்டே வந்தோம்.

பேத்திக்கு முடி உதிர்ந்தது. தாடை வலியால் பல நாள் உண்ணவில்லை. பாதங்கள் மரத்துப்போய், படி ஏறத் தடுமாறினாள். நரம்பிலும் அத்தகைய நுண்ணிழைகள் இருப்பதால் மருந்து அவற்றையும் வருத்துமாம். ஆனால் பிழைத்தாள். சிகிச்சை முடிந்த ஆண்டின் கல்லறைத் திருநாளில் அவளை அழைத்துச் சென்று, வெள்ளைப் பூப் புதரைக் காட்டி, இங்கேதான் உன் அத்தைப் பாட்டி இருக்கிறாள் என்றோம். ஆறு வயதில் இறந்தவளைப் பாட்டி என்று சொன்னதற்கு அவள் சிரித்தாள். பிறகு குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பறிக்கவில்லை.

இவ்வளவும் அறிந்தபின் நாங்கள் செய்ததைத்தான் இனி எழுதவேண்டும். எழுத மனம் கூசுகிறது.

2019ஆம் ஆண்டு எங்கள் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலை, சமூகப் பணிக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்து தர முன்வந்தது. மதில், இரும்புக் கதவு, தரை முழுவதும் சிமெண்டுக் கற்கள், நடுவே ஒரு பாடுபட்ட சுரூபம். பங்குப் பேரவை கூடி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. பேரவையில் நாங்களும் இருந்தோம், நாங்களும் கையெழுத்திட்டோம். கல்லறைத் திருநாளுக்கு முன் பணி முடிய வேண்டும். திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் வருவார்கள். புதரும் களையுமாக இருந்தால் வருவோர் என்ன நினைப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். சுடுகாட்டுப் பூ மண்டிக் கிடக்கிறதே என்று அப்போது சொன்னவர் வேறெவருமில்லை, எங்களில் ஒருவரே. மருந்துப் புட்டியில் இருந்தபோது அதைக் கைகூப்பி வணங்கினோம். மண்ணில் நின்றபோது களை என்றோம்.

தங்கையின் இடத்தை மேற்பார்வையாளரிடம் காட்டி, ஒரு கழியையும் நட்டு வைத்தோம். இங்கே மட்டும் பார்த்துச் செய்யுங்கள், சிறு மேடை ஒன்று கட்டிக்கொள்கிறோம் என்றோம். அவரும் தலையசைத்தார். மறுநாள் உறவினர் வீட்டுத் திருமணம். நாங்கள் காஞ்சிபுரம் சென்றுவிட்டோம். அன்றைக்கென்று இயந்திரத்தை ஓட்ட வேறோர் ஆள் வந்திருக்கிறார். மாலையில் திரும்பி வந்தபோது பனைமரம் இல்லை, பழைய மதில் இல்லை, கழியும் இல்லை, புதரும் இல்லை. தோட்டத்தின் தென்மேற்குப் பாகம் முழுவதும் உள்ளங்கைபோல் வழித்து விடப்பட்டிருந்தது. இயந்திரக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் கண்ணுக்கு அங்கே கல்லறையே இல்லை. செடி ஒன்றுதான் இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு கல் வைக்க நேரமில்லாதவர்கள் நாங்கள். ஒரு பகல் காவல் நிற்கவும் எங்களுக்கு இயலவில்லை.

அப்போதுதான் எங்கள் தாயாரின் சொற்கள் விளங்கின. அழகுக்காக அவர் அதை நடவில்லை. ஏழைக்குக் கல் கிடையாது, மரம் மக்கிப்போகும், பிள்ளைகள் மறந்துபோவார்கள் என்று அறிந்து, மறவாத ஒன்றை அங்கே காவல் வைத்திருக்கிறார். அது காவல் தவறவில்லை. நாங்கள்தான் தவறினோம். விழா நன்றாக நடந்தது. படமெடுத்தார்கள். அவ்வாண்டு நாங்கள் மெழுகுவர்த்தியை வீட்டுக்கே எடுத்துச் சென்றோம்.

அடுத்த ஆண்டு கொரோனாக் காலம். பல மாதங்கள் கதவு பூட்டியே இருந்தது. ஐப்பசியில் கோவில்பிள்ளை கதவைத் திறந்தபோது, சிமெண்டுக் கற்களின் இடுக்குகளில் நித்திய கல்யாணி முளைத்து நின்றது. பேத்தி எண்ணிப் பார்த்துப் பதினேழு இடங்கள் என்றாள். மண்ணை வழித்துப் பரப்பியபோது விதைகளும் பரவியிருக்க வேண்டும். வெள்ளையும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு. அவற்றுள் எது தாயார் நட்ட செடியின் வழித்தோன்றல்? அதன் விதை மழைநீரில் எத்தனை அடி நகர்ந்தது? எவராலும் சொல்ல இயலாது. அடையாளம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் எதைக் காட்டுகிறது என்பது அழிந்துவிட்டது. இத்தகைய திரும்பி வருதலும் உலகில் உண்டு.

பெருக்க வந்த அம்மாள் அவற்றைப் பிடுங்கத் தொடங்கியதைக் கண்டு, நாங்கள் பங்குத்தந்தையிடம் சென்று, “சாமி, அந்தச் செடியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்” என்றோம். போன வருடம் நீங்கள்தானே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நடைபாதையில் முளைப்பதை எடுத்துவிடலாம், மற்றவை இருக்கட்டும் என்றார்.

அத்தோட்டத்தின் ஒரு மூலையில், சிமெண்டுக் கல் பதிக்காத சிறு பகுதியில், ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞனை 2020இல் அடக்கம் செய்தார்கள். நோயினால் இறந்தவன். ஊரடங்கு வேளையில் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்ப வழியில்லாமற் போயிற்று. அவனும் நம் திருச்சபையைச் சேர்ந்தவன். அவனோடு தங்கியிருந்த நான்கு நண்பர்களும் எங்கள் கோவில்பிள்ளையும் தவிர அடக்கத்திற்கு எவருமில்லை. மரச்சிலுவையில் பெயரைப் பெயிண்டில் எழுதினார்கள். இரண்டு மழையில் பாதி எழுத்துகள் போயின. நண்பர்கள் வேறு வேலை தேடி வேறு ஊர்களுக்குச் சென்றுவிட்டார்கள். ஏதோ ஒரு மலையடிவாரத்தில் அவன் தாய், தன் மகனின் கல்லறை எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் ஒருநாள் வரக்கூடும்.

பேத்திக்கு இப்போது இருபத்தொரு வயது. இதே சாலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இரவு முறை முடிந்து காலையில் நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கி வரும்போது, முற்றிய நெற்றுகளைக் கிள்ளிக் கைக்குட்டையில் முடிந்து வருவாள். நீண்டு ஒல்லியான இரட்டை நெற்றுகள். வெடித்தால் மிளகினும் சிறிய கரிய விதைகள். அவற்றை அந்த இளைஞனின் மேட்டைச் சுற்றித் தூவினாள். பெயரில்லாத இன்னும் சில மேடுகளிலும் தூவினாள். எதற்கு அம்மா என்று கேட்டோம். “எழுத்து அழிஞ்சாலும் இடம் தெரியணும் தாத்தா” என்றாள். அவள் எங்கள் தாயாரைப் பார்த்ததில்லை.

ஆண்டவர் தம் மலைப்பொழிவில் காட்டுமலர்களைச் சுட்டிக்காட்டியதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். கவலைப்படாதே என்பதற்கான பாடமாகவே அதைப் பெரும்பாலும் கொள்கிறோம். இப்போது எங்களுக்கு வேறொன்றும் அதில் கேட்கிறது. முதலில் அவற்றைப் பாருங்கள் என்கிறார் அவர். பார்த்திருந்தால் இழந்திருக்க மாட்டோம்.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலையில் தூறல். மதிலுக்கு அப்பால் லாரிகள் வரிசையாக ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. நாங்கள் வழக்கம்போல் மெழுகுவர்த்தியோடு நின்றோம். பேத்தி எங்கள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போய், வட நாட்டு இளைஞனின் மேட்டில் பூத்திருந்த வெள்ளைப் பூக்களின் ஓரத்தில் ஊன்றி ஏற்றினாள். தூறலில் இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை நாங்கள் இருவரும் குனிந்து கைகளைக் குவித்து மறைத்துக்கொண்டோம். அது எரிந்தது. எங்கள் தங்கை அதற்கு எத்தனை அடி தொலைவில் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மதிலுக்குள்தான் எங்கோ இருக்கிறாள்.